சீமெண்ணெய் போன வழி

இந்த உரை ஒரு பெயரடையிலிருந்து தொடங்குகிறது. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டின் கடைசி நாளில், நிலக்கரி மின்சாரத்தை ‘ஒழிப்பதா’, ‘குறைப்பதா’ என்று எழுந்த சச்சரவு பலருக்கும் நினைவிருக்கும். இந்தியா வற்புறுத்த, சீனா உடன் நிற்க, ‘ஒழிப்பது’ ‘குறைப்பது’ ஆயிற்று. செய்தித்தாள்கள் அதோடு நின்றுவிட்டன. அதே வாக்கியத்தின் அடுத்த பாதியில் இன்னொரு சொல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது: ‘திறனற்ற’ புதைபடிவ எரிபொருள் மானியங்களை ஒழிப்பது என்று. அந்தத் ‘திறனற்ற’ அன்று முளைத்ததல்ல. 2009இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய ஜி20 தலைவர்கள் இந்த வாக்குறுதியைக் கொடுத்தபோதே அதுவும் ஒட்டிக்கொண்டு வந்தது. எது திறனுள்ள மானியம், எது திறனற்றது என்பதற்கு எல்லா நாடுகளும் ஏற்கும் வரையறை இன்றுவரை இல்லை. இல்லாததால்தான் எல்லோராலும் கையெழுத்துப் போட முடிகிறது. அவரவர் மானியம் அவரவருக்குத் திறனுள்ளது. பக்கத்து நாட்டு மானியம்தான் திறனற்றது. 2023இல் துபாய் மாநாடு கொஞ்சம் முன்னே போய், எரிசக்தி வறுமையையும் நியாயமான மாற்றத்தையும் கவனிக்காத மானியங்களே திறனற்றவை என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்தது. நல்ல தொடர்தான். ஆனால் ஒரு மானியம் வறுமையைக் கவனிக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

ஒரு மானியத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது என்பதே என் வாதம். அதன் பக்கத்தில் மாற்று ஏதாவது நிற்கிறதா, அது வீட்டு வாசல்வரை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாற்று வந்து சேர்ந்த இடத்தில் மானியம் சத்தமில்லாமல் போயிருக்கிறது. கூடவே புகையும் குறைந்திருக்கிறது. மாற்று வராத இடத்தில் மானியத்தைப் பிடுங்கியபோது தெரு எரிந்திருக்கிறது, சில நாடுகளில் ஆட்சியே ஆட்டம் கண்டிருக்கிறது. அப்படிப் பிடுங்கியும் புகை குறையவில்லை. விலையைப் பற்றியே பேசிப் பழகிய பொருளாதாரத் துறை, மாற்று முதலில், மானிய நீக்கம் பிறகு என்ற இந்த முன்பின் வரிசையை நடைமுறைச் சிக்கல் என்று ஒதுக்கிவிடுகிறது. எரிபொருள் மானியத்தின் அரசியல் முழுவதும் அந்த வரிசைக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பேன்.

தொகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னாட்டு நிதியம் 2022ஆம் ஆண்டுக்கு உலகின் எரிபொருள் மானியம் 7 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டது. இந்த எண் மேடைதோறும் முழங்குகிறது. அதில் அரசுகள் நேரடியாக விலையைக் குறைத்துக் கொடுத்தது 1.3 லட்சம் கோடி டாலர்தான். மீதியெல்லாம் காற்று மாசு, புவி வெப்பம், போக்குவரத்து நெரிசல் முதலியவற்றால் சமூகம் சுமக்கும் செலவு. எரிபொருள் விலையில் ஏறாமல் போன பாரம். அந்தச் செலவு உண்மையானதுதான். ஆனால் அதையும் மானியம் என்றே அழைத்தால், கொடுக்காத பணத்தை நிறுத்தச் சொல்லும் விநோதத்தில் போய் முடியும். இந்த உரையில் மானியம் என்று நான் சொல்வது, வாங்குபவர் கையில் உணரக்கூடிய விலைக்குறைப்பை.

அப்படி மிக நன்றாக உணரப்பட்ட மானியம் இந்தியாவில் சீமெண்ணெய்தான். ரேஷன் கடையில் எண்ணெய் ஊற்றும் நாளென்றால், ஆட்கள் வருமுன்பே கேன்கள் வரிசையில் நிற்கும். பீப்பாயிலிருந்து அளவைக்கும், அளவையிலிருந்து புனல் வழியே கேனுக்கும் இறங்கும் அந்த எண்ணெய் நீல நிறம். பொது விநியோகத்துக்கு உரியது என்று அடையாளம் தெரிவதற்காகச் சாயம் கலந்தது. கடைசிச் சொட்டுவரை புனலைத் தட்டி வாங்கிப் போகும் அந்த ஒன்றிரண்டு லிட்டர்தான் கோடிக்கணக்கான வீடுகளின் இரவு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் 43 விழுக்காடு வீடுகளுக்கு முதன்மை வெளிச்சம் சீமெண்ணெய். 2011இல்கூட 31 விழுக்காடு. பீகாரில் அதே 2011இல் 82 விழுக்காடு வீடுகள் சீமெண்ணெய் விளக்கில் இருந்தன. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மின்சாரம் எட்டிய வீடுகள் 93 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே நீல எண்ணெய். இங்கே அது பெரும்பாலும் அடுப்புக்கு, அங்கே கண்ணுக்கு.

விளக்கென்றால் கண்ணாடிச் சிம்னி போட்ட விளக்கு மட்டுமில்லை. பழைய மருந்துப் புட்டியின் மூடியில் துளை போட்டு, துணித்திரி செருகிய விளக்குகள்தான் ஏழை வீடுகளில் அதிகம். அதற்கு மேலே சுவரில் கருநாக்கு மாதிரி ஒரு கறை ஏறியிருக்கும். அந்தக் கறைக்குப் பருவநிலைக் கணக்கில் பெரிய இடம் உண்டு என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சாதாரணத் திரிவிளக்கில் எரியும் சீமெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு வரை கிட்டத்தட்டத் தூய கரித்துகளாக வெளியேறுகிறது. முன்பு கருதப்பட்டதைவிட இது பல மடங்கு. கரித்துகள் காற்றில் நீண்ட நாள் தங்குவதில்லை; தங்கும் நாளில் வெயிலை உறிஞ்சிக் காற்றைக் கடுமையாகச் சூடாக்கும். மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு மிக அதிகமான புகையைக் கொடுத்த கருவி அந்தப் புட்டிவிளக்கு. அதற்கு அரசு மானியம் கொடுத்தது. எந்தச் சூழலியல் அளவுகோலில் வைத்தாலும் இது மோசமான மானியம்.

ஊழல் அளவுகோலில் இன்னும் மோசம். 2010 தொடக்கத்தில் ரேஷன் சீமெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய். டீசல் 30 ரூபாய்க்கு மேல். இரண்டையும் கலந்தால் லாரி எஞ்சின் உடனே காட்டிக்கொடுக்காது. சாயத்தைப் போக்கும் வித்தையும் கலப்படக்காரர்களுக்குத் தெரியும். ரேஷன் சீமெண்ணெயில் ஏறத்தாழ 38 விழுக்காடு கள்ளச்சந்தைக்குப் போகிறது என்று தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வு மன்றம் 2005இல் மதிப்பிட்டது. 2011 ஜனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தைய பகலில், மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே எண்ணெய்க் கலப்படத்தைத் தட்டிக்கேட்ட மாலேகாவ் கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரிக்கப்பட்டார். மன்மாட் எண்ணெய்க் கிடங்குகள் நிறைந்த ஊர். ஏழைக்கென்று வைத்த விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவில் இருந்த இருபது சொச்சம் ரூபாய், ஒரு மாவட்ட அதிகாரியைக் கொல்லத் துணியும் அளவுக்கு ஒரு தொழிலை வளர்த்திருந்தது.

இவ்வளவு குற்றச்சாட்டு இருந்தும் அந்த மானியத்தைப் பல ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. விலை பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அது போயேவிட்டது. 2016 ஜூலையிலிருந்து லிட்டருக்கு 25 காசு வீதம் தவணை தவணையாக விலை ஏறியது. 2021-22 வரவுசெலவுத் திட்டத்தில் சீமெண்ணெய் மானியத்துக்கு ஒதுக்கீடு எதுவும் இல்லை. 2013-14இல் 70 லட்சம் டன் அளவில் இருந்த நாட்டின் சீமெண்ணெய் நுகர்வு 2022-23இல் 5 லட்சம் டன்னை ஒட்டி இறங்கியது. பத்து ஆண்டுகளுக்குள் ஒரு புதைபடிவ எரிபொருள் வீடுகளிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தது. சொல்லும்படியான சாலை மறியல் இல்லை, கடையடைப்பு இல்லை. ஒரு தேர்தல்கூட அதை வைத்து நடக்கவில்லை.

25 காசுத் தந்திரம்தான் காரணம் என்று நிதித்துறையினர் சொல்வார்கள். தந்திரம் உதவியது, மறுக்கவில்லை. வலி தெரியாமல் ஊசி போடுவது போல அது ஒரு கைத்திறன். ஆனால் அதே ஆண்டுகளில் மின்கம்பி என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. சௌபாக்யா திட்டம் வீடு வீடாக இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் பீகாரின் 96 விழுக்காடு வீடுகளில் மின்சாரம். 2011இல் அது 16 விழுக்காடு. இடையில் எல்.இ.டி. பல்பின் விலையும் சரிந்தது. சீமெண்ணெய் விலை காசு காசாக ஏறிய காலத்தில், அது தேவைப்பட்ட இருட்டே வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மறைந்த 65 லட்சம் டன்னில் ஒரு பங்கு எந்த வீட்டு விளக்கிலும் எரிந்ததே இல்லை, டீசலோடு கலந்து லாரியில் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை இடைவெளி மூடியதும் அந்த வியாபாரமும் மூடியது.

மாற்று வராமல் அதே எண்ணெயின் விலை ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்கப் பாக் நீரிணையைத் தாண்டினால் போதும். பொருளாதாரம் கவிழ்ந்த 2022இல், ஆகஸ்ட் மாதம், இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குப் போனது. கொழும்பில் அது ஒரு செய்தி. யாழ்ப்பாணம், மன்னார் கரையோரத்தில் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறு படகு மண்ணெண்ணெயில் ஓடுகிறது. விலை ஏறியதால் அந்த மீனவர் எந்தச் சுத்த எரிபொருளுக்கு மாறுவார்? மாறுவதற்கு எதுவும் கரையில் இல்லை. படகைக் கரையேற்றி வைப்பார், அல்லது கடன் வாங்கி ஓட்டுவார். அங்கே குறைந்தது கடலுக்குப் போகும் நாட்கள். அதையும் உமிழ்வுக் குறைப்பு என்று கணக்கில் எழுதலாம்தான். எழுதுகிறவர் கரையில் நின்று எழுத மாட்டார்.

இனி டீசல். 2012-13இல் எண்ணெய் நிறுவனங்கள் அடக்கவிலைக்குக் கீழே விற்றதால் வந்த விற்பனை இழப்பு 1.61 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் டீசல் கணக்கு. 2012 செப்டம்பரில் டீசல் விலையை ஒரே அடியில் 5 ரூபாய் ஏற்றி, மானிய சிலிண்டரை ஆண்டுக்கு ஆறு என்று வரம்பு கட்டியபோது, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டையும் காரணம் காட்டித் திரிணமூல் காங்கிரஸ் மத்திய அரசிலிருந்து வெளியேறியது. பாடம் கற்ற அரசு 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு என்ற வழிக்கு வந்தது. 2014இன் பிற்பாதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிய, அந்த அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. மானியம் ஒழிந்தது மட்டுமில்லை, அது இருந்த இடத்தில் வரி வந்து உட்கார்ந்தது. 2014இல் டீசல் லிட்டருக்கு 3.56 ரூபாயாக இருந்த மத்தியக் கலால் 2020 மே மாதத்தில் 31.83 ரூபாய், பெட்ரோலுக்கு 9.48லிருந்து 32.98. பொருளாதாரப் பாடநூல் சொல்லும் மருந்தை இதைவிடத் தாராளமாகக் கொடுத்த நாடுகள் குறைவு. விளைவு என்ன? 2013-14இல் சுமார் 6.8 கோடி டன்னாக இருந்த டீசல் நுகர்வு 2023-24இல் சுமார் 9 கோடி டன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வரி இல்லாதிருந்தால் 9 கோடி 10 கோடியாகியிருக்கும். நாடு வளர்ந்தது, சரக்கு பெருகியது. விலை செய்த வேலையைக் கண்ணால் காண முடியாது, அவ்வளவுதான் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், ஓரளவுக்கு. விலை எங்கே நன்றாக வேலை செய்தது என்று தேடினால் கார் சந்தையில் கிடைக்கும். 2012-13இல் விற்ற பயணியர் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசல் வண்டிகள். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை இடைவெளி சுருங்கியதும் சில ஆண்டுகளில் அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஏன்? அதே காட்சியறையில், அதே மாடலில், பெட்ரோல் வண்டி பக்கத்திலேயே நின்றது. மாற்று நான்கடி தூரத்தில் இருந்தது. நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவருக்கு அப்படி எதுவும் பக்கத்தில் நிற்கவில்லை. சரக்கு ரயில் இருந்தது. ஆனால் அது பயணியர் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, என்று போய்ச் சேரும் என்று சொல்ல முடியாத ரயில். அதனால் டீசல் விலை வாடகையில் ஏறியது, வாடகை வெங்காயத்தில் ஏறியது. லாரி அதே டீசலில் அதே சாலையில் ஓடியது.

சமையல் எரிவாயு இந்த வாதத்துக்குத் தலைகீழ்ச் சான்று. அதுவும் புதைபடிவ எரிபொருள்தான். கிளாஸ்கோவில் நம் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் மானியத்துக்கு ஆதரவாகச் சொன்னது இந்த எடுத்துக்காட்டைத்தான்: ஏழை வீடுகளுக்குக் கொடுத்த எரிவாயு மானியம் விறகுப் புகையை ஒழித்தது, உடல்நலத்தைக் காத்தது என்று. வாதம் சரி. ஆனால் அவர் அதைச் சொன்ன நாளில், பெரும்பாலான வீடுகளுக்கு அந்த மானியம் நின்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் மூன்றரை ஆண்டுக்குள் ஏழை வீடுகளுக்கு 8 கோடி எரிவாயு இணைப்புகளைக் கொடுத்தது. 2020 நடுவில் உலக விலை விழுந்தபோது மானியம் சுழியாயிற்று. விலை திரும்ப ஏறியபோது மானியம் திரும்பவில்லை. டெல்லியில் அப்போது 600 ரூபாய்க்குள் இருந்த சிலிண்டர் 2022 ஜூலையில் 1,053 ரூபாய். உஜ்வலா வீடு ஒன்று ஆண்டுக்கு வாங்கிய சிலிண்டர் 2021-22இல் சராசரியாக 3.7 மட்டும். வேறு எரிபொருளே இல்லாமல் சமைத்தால் ஒரு குடும்பத்துக்கு ஏழெட்டாவது வேண்டும். மீதி மாதங்களில் அந்த அடுப்படியில் எரிந்தது விறகும் வறட்டியும்தான். புதிய அடுப்பு மேடையில், பழைய அடுப்பு அதற்குக் கீழே. எந்தப் புதைபடிவ மானியமும் கூடாது என்று சொல்லும் சூழலியல் நண்பர்கள் இந்த அடுப்படியை ஒரு முறை பார்க்க வேண்டும். இங்கே மானியத்தை எடுத்ததால் புவிக்கு எதுவும் மிச்சமாகவில்லை. சமைப்பவரின் நுரையீரல்தான் கணக்கைக் கட்டியது. 2022இல் 200 ரூபாய், 2023இல் 300 ரூபாய் என்று உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் மானியம் திரும்பியது. 2023-24இல் சராசரி நான்கு சிலிண்டரை ஒட்டி வந்தது.

மற்ற நாடுகளின் அனுபவம் இதே இடத்துக்குத்தான் கொண்டுவருகிறது. நைஜீரியாவில் 2012 புத்தாண்டு நாளில் பெட்ரோல் மானியம் எடுக்கப்பட்டது. 65 நைராவாக இருந்த லிட்டர் 140 நைராவைத் தொட்டது. பொது வேலைநிறுத்தத்தில் நாடு நின்றது. இரண்டே வாரத்தில் அரசு இறங்கிவந்து 97 நைரா என்றது. வெளியிலிருந்து பார்த்தவர்கள், எண்ணெய் விளையும் நாட்டு மக்கள் மலிவு விலைக்குப் பழகிவிட்டார்கள் என்று எழுதினார்கள். லாகோஸ் கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் இரையும் சிறு ஜெனரேட்டரை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மின்வாரியம் கைவிட்ட நாட்டில் பெட்ரோல்தான் மின்சாரம். தையல் மிஷினும் குளிர்பெட்டியும் முடிவெட்டும் கருவியும் பெட்ரோலில்தான் ஓடுகின்றன. இந்தியாவில் மின்கம்பி சீமெண்ணெயை விரட்டியது. அங்கே கம்பியில் மின்சாரம் வராததால் பெட்ரோல் வீட்டுக்குள் வந்தது. மானியம் கடைசியில் 2023 மே மாதம் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே ஒரு வரியில் போனது. விலை சில நாளில் மூன்று மடங்கை நெருங்கியது.

ஈரான் ஒரே நாட்டில் இரண்டு பாடம். 2010 டிசம்பரில் பெட்ரோல் பங்கீட்டு விலையை நான்கு மடங்காக்கினார்கள். அடுப்பு எரிவாயுவும் ரொட்டியும்கூடத் தப்பவில்லை. கலவரம் எதுவும் இல்லை. விலை ஏறும் முன்பே குடும்பத் தலைவர்களின் வங்கிக் கணக்கில், தலைக்கு மாதம் 4,55,000 ரியால் என்ற கணக்கில் பணம் போடப்பட்டிருந்தது. விலை ஏறிய நாளில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். அதே ஈரானில் 2019 நவம்பர் 15 நள்ளிரவில், முன்னறிவிப்பின்றி, பெட்ரோல் விலை ஏறியது. நிவாரணம் பின்னால் வரும் என்றார்கள். அதற்குள் மூண்ட போராட்டத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதை அம்னெஸ்டி பதிவு செய்தது. முன்னால் வந்த பணம் தெருவை அமைதியாக வைத்தது. பின்னால் வரும் என்ற பணத்தை யாரும் நம்பவில்லை. ஆனால் இந்த முதல் பாடத்தை முழு வெற்றி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2010இல் 45 டாலராக இருந்த அந்தத் தொகை மாறவேயில்லை. பணவீக்கம் அதைத் தின்று தின்று, 2019இல் வெளிச்சந்தை மதிப்பில் நான்கு டாலர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. ரொக்கமும் ஒரு மாற்றுதான், கரையும் மாற்று. மின்கம்பி கரைவதில்லை. மானியத்துக்குப் பதில் பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று சொல்பவர்களுக்கு இதுவே என் பதில்.

இந்தோனேசியா 2007இல் சீமெண்ணெயை ஒழிக்க எடுத்த வழி இன்னும் நேரடியானது. வீட்டுக்கு ஒரு 3 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, குழாய், ரெகுலேட்டர் எல்லாம் இலவசம். ஒரு பகுதியில் இவற்றைக் கொடுத்து முடித்த பிறகுதான் அங்கே சீமெண்ணெய் நிறுத்தப்பட்டது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட வீடுகள் சில ஆண்டுகளில் மாறின. 1998இல் எரிபொருள் விலையேற்றத்தைத் தொடர்ந்த சில வாரங்களில் சுகார்த்தோ பதவி இழந்ததைப் பார்த்த நாடு அது. ஆனால் அந்தப் பச்சை நிறச் சிலிண்டர், முலாம்பழம் என்று செல்லப்பெயர் பெற்ற அதே சிலிண்டர், இன்று அந்நாட்டின் பெரிய மானியச் சுமைகளில் ஒன்று. மாற்று என்று வந்தது அடுத்த மானியமாயிற்று. என் வாதத்தின் பலவீனமான இடம் இது, மறைக்க விரும்பவில்லை. இதற்கு என்னிடம் உள்ள விடை, மாற்று ஒரே படி இல்லை என்பது மட்டுமே. விறகிலிருந்து எரிவாயு ஒரு படி. எரிவாயுவிலிருந்து மின்னடுப்பு அடுத்த படி. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் அதற்கும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் முந்தைய மானியத்திலிருந்து விடுபடப் பணம் வேண்டும்.

பருவநிலைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. கம்பியும் ரயிலும் அடுப்பும் வந்து சேரும்வரை காத்திருந்தால் பூமி காத்திருக்குமா? நைஜீரியாவின் நாட்காட்டியையே பதிலாக வைக்கிறேன். 2012இல் ஒரே இரவில் எடுத்த மானியம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, அப்புறம் பதினோரு ஆண்டுகள் போகவில்லை. சீமெண்ணெய் அதைவிடக் குறைந்த காலத்தில் இந்திய வீடுகளிலிருந்து போய்விட்டது. இன்னொரு மறுப்பு, மானியம் பணக்காரருக்கே போகிறது என்பது. பெட்ரோலைப் பொறுத்தவரை மறுக்க முடியாது. வளரும் நாடுகளில் எரிபொருள் மானியத்தில் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினர், கீழ்த்தட்டு ஐந்தில் ஒரு பங்கினரைப்போல ஆறு மடங்கு பெறுகிறார்கள் என்று பன்னாட்டு நிதிய ஆய்வாளர்கள் கண்டார்கள். 2010 ஜூனில் இந்தியா பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது சரியே. ஆனால் மொத்தத்தில் பணக்காரர் அதிகம் பெறுகிறார் என்பதால், ஏழை பெறும் சிறு பங்கு அவருக்குச் சிறிது என்றாகிவிடாது. அவர் வீட்டுச் செலவில் அது பெரிது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும். மானியத்தில் மிச்சமான பணமும் அதன் மேல் வந்த வரியும் எங்கே போயின? 2014-15இல் பெட்ரோலியப் பொருள்களிலிருந்து மத்திய அரசுக்குக் கிடைத்த கலால் 1 லட்சம் கோடிக்குச் சற்றுக் கீழே, 2020-21இல் 3.7 லட்சம் கோடி. அது பொதுக் கஜானாவில் கலந்தது. மாநிலங்களும் சளைத்தவை இல்லை, ஜி.எஸ்.டி. வந்த பிறகு அவை தாமாக விகிதம் வைக்கும் பெரிய வரிகளாக மிஞ்சியவற்றில் முக்கியமானவை மதுவும் பெட்ரோலும். நேற்று மானியத்தால் எண்ணெய்க்குக் கட்டுண்டிருந்த அரசு இன்று வரியால் கட்டுண்டிருக்கிறது. நிலக்கரிக் கதை இன்னும் தெளிவு. 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் சுத்த எரிசக்தி மேல்வரி விதிக்கப்பட்டது. 2016இல் அது 400 ரூபாய். அடுத்த எரிசக்திக்கு இந்த எரிசக்தியே படியளக்கும் ஏற்பாடு. உலகில் பல நாடுகள் யோசிக்கும் முன்பே நாம் செய்தது. 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி. அதற்கென்றே அமைத்த தேசியச் சுத்த எரிசக்தி நிதிக்கு மாற்றப்பட்டது ஏறத்தாழ 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 16,000 கோடிக்கும் கீழே. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த 400 ரூபாய், மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் மேல்வரியாக வேடம் மாறியது. 2025 செப்டம்பரில் அதுவும் எடுக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5லிருந்து 18 விழுக்காடாயிற்று. சுத்த எரிசக்தி என்ற பெயர் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. எந்த வரிசையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேனோ, அதற்குப் பணம் தரவிருந்த ஒரே கருவி அது. மக்கள் மானியத்துக்கு அடிமை என்று சொல்லும்போது, அரசு எதற்கு அடிமை என்றும் சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் இந்த விவகாரம் இன்று குடியிருப்பது பம்புசெட்டில். உழவர்களின் இலவச மின்சாரத்தைப் புதைபடிவ மானியம் என்று நாம் அழைப்பதில்லை. ஆனால் அந்த மோட்டாரைச் சுழற்றும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 1970களில் காசுக் கணக்கில் ஏறிய கட்டணத்துக்காகக் கோவை வட்டாரம் கொதித்து, மாட்டுவண்டிகள் நகரச் சாலைகளை அடைத்து, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போன வரலாறு அதற்கு உண்டு. இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. மீட்டர் வைக்கிறோம், அளக்கத்தான், கட்டணம் கேட்க மாட்டோம் என்று எந்தக் கட்சி சொன்னாலும் உழவர் நம்புவதில்லை. நம்பாததற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்ன சிலிண்டர் கதை அவர் வீட்டு அடுப்படியிலும் நடந்ததுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. சூரிய பம்பு கொடுத்தால் நிலக்கரி மிச்சமாகும், நிலத்தடி நீர் மிச்சமாகாது. பகல் முழுவதும் செலவில்லாமல் ஓடும் மோட்டார் கிணற்றை இன்னும் வேகமாக வற்றவைக்கும். அதனால் தனித்தனிப் பம்புகளைவிட, பம்புகளுக்கு மின்சாரம் போகும் ஃபீடரையே சூரிய மின்சாரத்துக்கு மாற்றும் வழி எனக்கு மேலாகத் தெரிகிறது. மத்திய அரசின் குசும் திட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. உழவர் இன்று பெறும் இலவச மும்முனை மின்சாரம் பல ஊர்களில் பாதி இரவில் வருகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு, வரப்பில் பாம்புக்குப் பயந்து, மோட்டார் போடப் போக வேண்டும். பகல் பத்து மணிக்கு மாறாமல் வரும் மின்சாரம் அவருக்கு இந்த இலவசத்தைவிட உயர்ந்த பொருள். அதை முதலில் இரண்டு மூன்று பருவம் தடையில்லாமல் கொடுக்கட்டும். விட்டுவைக்கும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் கணக்கில் பணம் வரும் என்று பிறகு சொல்லட்டும். அப்போது அந்தப் பணத்தை எண்ணுவதற்காக மீட்டரை அவரே கேட்பார்.